கட்டைவிரலுக்கும் நிழலுக்கும் நடுவே: ரைஃபிளில் விளக்கு பொருத்திய அனுபவம்

விளக்கை முதலில் வாங்கினேன். அதை ரைஃபிளில் எங்கே பொருத்துவது என்று இரண்டாவதாகத் தேடினேன். அந்த இடத்தில் பட்டன் என் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்பதைக் கடைசியாகத்தான் பார்த்தேன். இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று புரிவதற்குள் ஒன்றரை ஆண்டும், விளக்கைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்ட்டுகள் மூன்றும், ஒரு கார் இருக்கையும் செலவாகிவிட்டன.

டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து வடகிழக்காக ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் மைலம் கவுண்டியில், மக்காச்சோளமும் வைக்கோல் புல்லும் பயிரிடும் ஒரு பெரியவரின் நிலத்தில் இரவில் காட்டுப்பன்றி விரட்டும் வேலைக்காக இந்த விளக்கு தேவைப்பட்டது. அங்கே மார்ச் மாதத்தில் விதைப்பு நடக்கும். விதைத்த இரவே பன்றிக் கூட்டம் வந்து, வரிசை பிடித்துக் கொண்டு நடந்து, மண்ணைக் கிளறி ஒவ்வொரு விதையாகத் தின்றுவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் யாரோ கைக்கலப்பையால் கோடு கிழித்ததுபோல் வரிசை முழுவதும் குழியாக இருக்கும். டெக்சஸில் 2019 செப்டம்பர் 1 முதல், நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு வேட்டை உரிமம் தேவையில்லை. இரவில் விளக்கு வைத்துச் சுடவும் தடையில்லை. மானுக்கு இது பொருந்தாது. இரவில் செயற்கை வெளிச்சத்தில் மானைச் சுடுவது குற்றம் என்பதால், போவதற்கு முன் அப்பகுதி வேட்டைக் காவலருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது இங்குள்ள நல்ல வழக்கம். நம் ஆட்கள் பலர் இந்த ஊரில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஏதும் கையில் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் பன்றிக்கு உரிமம் கேட்கவில்லை என்பதை இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் ரைஃபிள் வாங்கினேன்.

ரைஃபிள் வழக்கமான ஏஆர்-15 வகை. 16 அங்குலக் குழல், அதன்மேல் 15 அங்குல நீளத்தில் எம்-லாக் துளைகள் (துணைக்கருவிகளை மாட்டுவதற்கான நீள்துளைகள்) கொண்ட அலுமினிய ஹேண்ட்கார்டு என்ற கைப்பிடி உறை, மேலே ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் ஸ்கோப் இருந்தால் விளக்கே வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நல்ல தெர்மல் ஸ்கோப்பின் விலையில் இந்த ரைஃபிளைப் போல இரண்டு வாங்கலாம். எனக்கோ விளக்கின்மேல் சிறுவயதிலிருந்தே ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் ஊரில் நிலக்கடலைக் காட்டுக்கு இரவுக் காவல் போகும்போது தாத்தா ஐந்து கட்டை டார்ச்சைத்தான் எடுத்துப் போவார். பக்கத்து வீட்டு மூன்று கட்டை டார்ச் வரப்பு வரைக்கும்தான் எட்டும். தாத்தாவின் டார்ச் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பன்றியின் முதுகைக் காட்டும். கட்டை கூடுவதால் மட்டும் அல்ல, பின்னால் இருந்த கிண்ணம் ஆழமானது என்பதாலும்தான் அது அவ்வளவு தூரம் எட்டியது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

முதல் முயற்சியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு கைவிளக்கை, ஸ்கோப் வளையம் போன்ற ஒரு வளையத்தில் மாட்டிப் பொருத்தினேன். சுடுதளத்தில் மூன்றாவது தோட்டாவுக்கு விளக்கு படபடவென்று மினுக்க ஆரம்பித்துவிட்டது. பழுது என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. அந்த விளக்கில் பட்டனை மெதுவாகத் தட்டினால் ஒளி அளவு மாறும்: உயர்வு, தாழ்வு, மினுக்கல். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது உள்ளே பேட்டரி ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டு ஒரு கணம் தொடர்பை இழந்து திரும்பி வருகிறது. விளக்கு அதைத் தட்டலாக எடுத்துக்கொண்டு அடுத்த நிலைக்குத் தாவுகிறது. துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்ட விளக்குகளில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கெட்டியான ஸ்பிரிங் இருப்பதும், அவற்றில் பெரும்பாலும் ஒரே ஒளி நிலை மட்டும் இருப்பதும் ஏன் என்பது அன்று விளங்கியது.

அடுத்து எண்களைப் படிக்க உட்கார்ந்தேன். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது லூமன். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளி அது. சிறிய எழுத்தில், சில பெட்டிகளில் எழுதாமலே விட்டிருப்பது கேண்டெலா. ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகக் குவிந்திருக்கிறது என்பதன் அளவு அது. வயலில் எனக்கு வேண்டியது இரண்டாவது எண். ஷ்யூர்ஃபயர் எம்600டிஎஃப் என்ற விளக்கு 1,500 லூமன் தருகிறது, ஆனால் அதன் செறிவு சுமார் 17,000 கேண்டெலா. ஸ்ட்ரீம்லைட் எச்எல்-எக்ஸ் 1,000 லூமன், 27,600 கேண்டெலா. மாட்லைட் ஓகேடபிள்யூ வெறும் 680 லூமன்தான், ஆனால் 69,000 கேண்டெலா. கேண்டெலாவை மீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் லக்ஸ் கணக்கில் வந்துவிடும். 50 மீட்டரில் முதல் விளக்கு 7 லக்ஸுக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவது 11 லக்ஸும், மூன்றாவது 27 லக்ஸுக்கு மேலும் தருகின்றன. லூமனில் பாதிகூட இல்லாத விளக்கு, அந்தத் தூரத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் போடுகிறது.

விளம்பரங்களில் வரும் எட்டும் தூரம் என்ற எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். கைவிளக்குகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆன்சி எஃப்எல்-1இன்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் எட்டும் தூரம். அது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்தின் அளவு. 27,600 கேண்டெலா விளக்குக்கு இந்தக் கணக்கில் 332 மீட்டர் வரும். முழுநிலவு வெளிச்சத்தில் 332 மீட்டருக்கு அப்பால் நிற்பது பன்றியா, படுத்திருக்கும் கன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். வீட்டுக்குள் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு விளக்கு தேடுபவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளைச் சுவர் மூன்று மீட்டரில் இருக்கும்போது செறிந்த ஒளி சுவரில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூச வைக்கும் என்பதால், பரந்து விழும் விளக்கே அங்கு நல்லது. எனக்குத் திறந்த வயல்தான் என்பதால், செறிந்த ஒளி வகையில், 18650 என்ற சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி போடும் ஒன்றை வாங்கினேன். நீளம் 140 மில்லிமீட்டர், தலையின் விட்டம் 32 மில்லிமீட்டர், பேட்டரியும் மவுண்ட்டும் சேர்த்து எடை 212 கிராம். சமையலறைத் தராசில்தான் எடை போட்டேன். "இட்லி அரிசி அளக்கிறதுலயா இதை வைக்கிறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக: 18650 முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்; வேட்டைக்குக் கிளம்பும் மாலையில் சார்ஜ் செய்துவிடுகிறேன். அதே விளக்கு, சார்ஜ் செய்ய முடியாத சிறிய சிஆர்123ஏ பேட்டரிகள் இரண்டையும் ஏற்கும் என்பதால், பத்து ஆண்டு வரை கெடாமல் இருக்கும் அவற்றை உபரியாகப் பையில் வைத்திருக்கிறேன். பழையதும் புதியதுமாக இரண்டைக் கலந்து போடக் கூடாது. பலவீனமான பேட்டரி சூடேறி வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. சிஆர்123ஏ அளவிலேயே கிடைக்கும் சார்ஜ் செய்யும் பேட்டரிகள் இரண்டைப் போட்டால் 8.4 வோல்ட் ஆகிவிடும். அதைத் தாங்கும் என்று விளக்கின் தாளில் எழுதியிருந்தாலொழிய முயலக் கூடாது. சிவப்பு, பச்சைக் கண்ணாடி மூடிகளையும் முயன்றேன். பன்றியின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் என் கண்ணுக்கும் விவரம் மங்கிப்போனதால் வெள்ளை ஒளிக்கே திரும்பிவிட்டேன்.

இனிப் பொருத்தும் இடத்துக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் கடிகார முகத்தை வைத்துத்தான் இடம் சொல்வார்கள். துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது மேல்பக்கம் பன்னிரண்டு மணி, வலம் மூன்று, அடி ஆறு, இடம் ஒன்பது. மேலே பன்னிரண்டில் வைத்தால் ஸ்கோப்பை ஒரு மடங்கில் வைக்கும்போது விளக்கின் முதுகு பார்வைக்குள் வந்து நிற்கிறது. அடியில் ஆறில் வைத்தால் வேலிக் கட்டையிலோ தாங்குகோலிலோ துப்பாக்கியைச் சாய்க்க முடியாது. நான் வலக்கைக்காரன், இடக்கை முன்னே பிடித்திருக்கும், அதன் கட்டைவிரல் இயல்பாக இடது மேல்பக்கம் விழும். ஆகவே பத்தரை மணிதான் இடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முன்பின்னாக எங்கே என்பதில்தான் மொத்தச் சிக்கலும் இருந்தது.

முதலில் விளக்கை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினேன். அப்போது குழல்வாயில் மஸில் பிரேக் இருந்தது. வாயுவைப் பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் பீய்ச்சி உதையைக் குறைக்கும் சாதனம் அது. விளக்கின் கண்ணாடி அந்தத் துளைகளுக்கு நேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அறுபது தோட்டாக்கள் சுட்ட பிறகு பார்த்தால், மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியைப்போலக் கண்ணாடி முழுவதும் கரி. கைப்பேசியின் லக்ஸ் மீட்டர் செயலியை வைத்து ஒப்பிட்டதில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் அது போகவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, மீதியைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தபோது வந்துவிட்டது. மேல்பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அழிப்பானைத் தவிர்ப்பது நல்லது. சுடுவதற்கு முன் சிலிக்கான் கிரீஸை மிக மெல்லிய படலமாகத் தடவி வைத்தால் கரி அதில்தான் ஒட்டும், ஒரே துடைப்பில் போய்விடும். ஆனால் தடிமனாகத் தடவினால் ஒளி சிதறி மூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும்.

அடுத்த பருவத்தில் பிரேக்கை எடுத்துவிட்டு, குழல்வாயில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாயான சப்ரஸரைப் பொருத்தினேன். வாயு முன்னோக்கிப் போவதால் கரித்தொல்லை பெரும்பாலும் நின்றது. கரியிலிருந்து தப்பிக்க ஏற்கெனவே விளக்கைப் பின்னுக்கு இழுத்து, கண்ணாடி ஹேண்ட்கார்டின் முன்விளிம்புக்கு 50 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்படி வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கவனக்குறைவுதான் ஓர் இரவு என்னைக் கிட்டத்தட்டப் பெரிய தவறில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

ஒரு பெரிய கடாப் பன்றி வேலியோரம் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. கைவிளக்கில் அடையாளம் பார்த்துவிட்டு, ரைஃபிளைத் தோளில் வைத்து அதன் விளக்கைப் போட்டேன். பன்றி வட்டத்தின் நடுவில் தெளிவாக இருந்தது. வட்டத்துக்கு வலப்பக்கம் கீழே, சப்ரஸரின் நிழல் ஒரு கறுத்த ஆப்பு போல விரிந்து தரையை மூடியிருந்தது. அந்த இருட்டிலிருந்து ஒரு கன்றுக்குட்டி நிதானமாக எழுந்து, இரண்டு அடி நடந்து வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அதன் கண்கள் பச்சையாக மின்னின. மாடு, மான், ஓநாய் இனத்துக் கயோட்டி எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண் மின்னும்; பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. இரவில் மாட்டையும் பன்றியையும் பிரித்துச் சொல்ல எனக்கு உதவும் முதல் அடையாளமே இதுதான். ஆனால் வெளிச்சமே படாத இடத்தில் எந்தக் கண்ணும் மின்னாது. விரலைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, தோட்டாவை வெளியேற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். பன்றி அதன்பாட்டுக்குப் போயிற்று.

மறுநாள் கராஜில் அளக்க உட்கார்ந்தேன். ஏஆர்-15இல் இரண்டு பின்களைத் தள்ளினால் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மேல்பாதியிலிருந்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டையும் உருவிவிட்டால் அது வெறும் குழாய்தான். சுட வழியே இல்லை. விளக்கு, மவுண்ட் வேலைகளை எல்லாம் அந்த நிலையில்தான் செய்கிறேன். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கும். மேல்பாதியை மேசைப் பிடிகருவியில் இறுக்கி, கராஜ் கதவை மூடி, 6 மீட்டர் தள்ளியிருந்த சுவரில் ஒளி விழும்படி வைத்து, ஒளிவட்டத்தின் மையத்திலிருந்து நிழல் தொடங்கும் இடம் எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்தேன்.

கணக்கு எளிமையானதுதான். குழலின் மையக் கோட்டுக்கும் விளக்கின் மையக் கோட்டுக்கும் நடுவே 38 மில்லிமீட்டர். சப்ரஸரின் விட்டமும் 38. அதன் ஆரமான 19ஐக் கழித்தால், விளக்கின் மையத்துக்கும் சப்ரஸரின் விளிம்புக்கும் இடைவெளி 19 மில்லிமீட்டர். சப்ரஸரின் நுனி விளக்குக் கண்ணாடிக்கு 230 மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. 19ஐ 230ஆல் வகுத்து 6 மீட்டரால் பெருக்கினால் 50 சென்டிமீட்டர் வருகிறது. சுவரில் அளந்ததும் ஏறக்குறைய அதுவே. விளக்கின் நடு ஒளிவட்டம் அதற்குள் அடங்கிவிட்டதால் பன்றி நன்றாகத் தெரிந்தது. சுற்றியுள்ள மங்கல் ஒளியில்தான் நிழல் விழுந்து கன்றை மறைத்தது. விளக்கை முன்னே நகர்த்தி, கண்ணாடி ஹேண்ட்கார்டைத் தாண்டி 80 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்தபோது, நுனி வரையுள்ள தூரம் 100 மில்லிமீட்டராகக் குறைந்தது. நிழலும் 114 சென்டிமீட்டருக்கு அப்பால் விலகியது. இதுதான் தீர்வு என்று மகிழ்ந்து ரைஃபிளின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தோளில் வைத்தால், பின்பட்டனுக்கு என் கட்டைவிரல் எட்டவில்லை. நான் ஐந்தடி ஐந்தங்குலம். கையை அவ்வளவு நீட்டினால் தோள் திரும்பிக்கொள்கிறது.

எட்டாத பட்டனுக்கு ஊரெல்லாம் சொல்லும் மருந்து டேப் ஸ்விட்ச். விளக்கின் பின்மூடியிலிருந்து ஒரு கேபிள் வந்து, விரல் படும் இடத்தில் ஒட்டிய ஒரு பட்டையில் முடியும். பட்டையை அழுத்தினால் விளக்கு எரியும், விட்டால் அணையும். மூன்று மாதம் வைத்திருந்தேன். அழுத்த மிகவும் சுகமானது என்பதை மறுக்க மாட்டேன். அதே சுகம்தான் அதன் குறையும். வேலிக் கட்டையில் சாய்த்தால் எரிகிறது. தோள்வாரில் தொங்கவிட்டு நடந்தால் இடுப்பில் பட்டு எரிகிறது. இருட்டில் சத்தமில்லாமல் நடந்து போய்க் கூட்டத்தை நெருங்கும் நேரத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று விழும், அத்தோடு அன்றைய இரவு முடிந்துவிடும். முள்கம்பி வேலியில் நுழைந்தபோது கேபிள் ஒருமுறை மாட்டிக்கொண்டு பின்மூடியிலிருந்து பாதி பிடுங்கி வந்தது. கடைசியாக ஒருநாள், காலிசெய்த ரைஃபிளைப் பையில் வைத்துப் பின்னிருக்கையில் கிடத்திவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகும் வாடை வந்தது. பைக்குள் பட்டை அமுங்கி விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. கண்ணாடி பட்ட இடத்தில் பை உருகி, அதற்கடியில் இருக்கை உறையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் பழுப்பாகப் பொசுங்கியிருந்தது. அன்றிலிருந்து பையில் வைக்கும்போதெல்லாம் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, தொடர்பைத் துண்டித்து வைக்கிறேன். டேப் ஸ்விட்சைக் கழற்றி டிராயரில் போட்டாயிற்று.

அப்போதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். விளக்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, ஹேண்ட்கார்டின் இடது மேல்பக்கம் முழுவதும் காகித ஒட்டுநாடாவை ஒட்டினேன். துப்பாக்கி காலி என்பதை மேகசினை எடுத்து, போல்ட்டைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரல்நுனியாலும் சரிபார்த்து உறுதிசெய்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கீழே தாழ்த்தியிருந்த ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றினேன். இடக்கை தானாக விழுந்த இடத்தில் கட்டைவிரல் நுனியில் மனைவி பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பத்து முறை, பின்பு குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இன்னும் ஐந்து முறை. ஜாக்கெட் இல்லாத பத்துப் புள்ளிகளும் ஹேண்ட்கார்டின் முன்விளிம்பிலிருந்து 100க்கும் 120க்கும் நடுவே, இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிட்டன. ஜாக்கெட் போட்டபோது கை ஒரு சென்டிமீட்டர் பின்னே வந்தது, அவ்வளவுதான். ஆகவே பட்டன் 100 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். விளக்கின் நீளம் 140 என்பதால் கண்ணாடி 40 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்கும். இதைக் கையே சொல்லிவிட்டது. இனி நகர்த்த முடியாது.

ஆனால் கண்ணாடி 40இல் இருந்தால் சப்ரஸர் நுனி 140 மில்லிமீட்டர் முன்னே இருக்கும், நிழல் 81 சென்டிமீட்டரிலேயே தொடங்கிவிடும். முன்னே போக வழியில்லை என்றான பிறகுதான் பக்கவாட்டைப் பற்றி யோசித்தேன். நுனிக்கு உள்ள தூரத்தைக் குறைத்தாலும் நிழல் விலகும், இடைவெளியைக் கூட்டினாலும் விலகும். இடைவெளி வெறும் 19 மில்லிமீட்டர் என்பதால் அதில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பெரிய மதிப்பு. விளக்கை 7 மில்லிமீட்டர் வெளியே தள்ளி மையங்களின் தூரத்தை 45 ஆக்கினால், இடைவெளி 26. அதை 140ஆல் வகுத்து 6 மீட்டரால் பெருக்கினால் 111 சென்டிமீட்டர். அதாவது 40 மில்லிமீட்டர் முன்னே தள்ளிக் கிடைத்த பலன் முழுவதும், 7 மில்லிமீட்டர் வெளியே தள்ளினாலே கிட்டத்தட்ட கிடைத்துவிடுகிறது. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அட்டையை மடித்து இடையில் செருகிச் சுவரில் அளந்து பார்த்த பிறகுதான் மூன்றாவது மவுண்ட்டுக்குப் பணம் கட்டினேன். இன்னொரு ஆதாயமும் சேர்ந்தது: முன்பு விளக்குத் தலைக்கும் சப்ரஸருக்கும் நடுவே 3 மில்லிமீட்டர்தான் இருந்தது, இப்போது 10. தொடர்ந்து சுட்டால் சப்ரஸர் தோசைக்கல் சூட்டுக்கு வந்துவிடும் என்பதால் அந்த இடைவெளி விளக்கின் ரப்பர் வளையத்துக்கு நல்லது. இழப்பு என்று பார்த்தால், துப்பாக்கி அந்த அளவுக்கு அகலமாகிவிட்டது; பையின் ஜிப் ஓரிடத்தில் இழுத்துப் பிடிக்கிறது.

இறுக்கும் வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர. எம்-லாக்கில் துளைக்குள் போகும் டி வடிவ நட்டு கால் சுற்றுத் திரும்பி உள்பக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மவுண்ட் கெட்டியாக உட்கார்ந்ததுபோல் தெரியும், உள்ளே நட்டு பாதிதான் திரும்பியிருக்கும். ஹேண்ட்கார்டின் முன்வாய் வழியாகச் சிறு டார்ச் அடித்து, இரண்டு நட்டுகளும் துளைக்குக் குறுக்காக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன். திருகுகளின் எண்ணெய்ப் பசையை ஆல்கஹாலால் போக்கி, நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு வைத்து, மவுண்ட்டோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகுச்சாவி) இறுக்கினேன். ஒருநாள் உலர்ந்த பிறகு ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் மவுண்ட்டின்மேல் நீளும்படி மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். திருகு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஹேண்ட்கார்டு குழலைத் தொடாத வகை என்பதால் குறி மாறாது என்று எதிர்பார்த்தேன். இருந்தாலும் 100 கஜத்தில் ஐந்து தோட்டாக்கள் சுட்டுச் சரிபார்த்ததில் மாறவில்லை. குழலையே கவ்விப் பிடிக்கும் மவுண்ட்டாக இருந்தால் இதை நம்ப முடியாது. குழலில் எதைத் தொங்கவிட்டாலும் தோட்டா விழும் இடம் நகரும்.

இப்போது வயலில் இதைப் பயன்படுத்தும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொருத்திய இடம் அதை ஒட்டித்தான் அமைந்தது. ரைஃபிளில் உள்ள விளக்கால் நான் எதையும் தேடுவதில்லை. அந்த விளக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே குழல்வாயும் திரும்புகிறது. தேடும் இடத்தில் மாடும், நாயும், சில நேரம் வாய்க்கால் மடையைத் திறக்க வந்த பெரியவரும் இருப்பார்கள். தேடுவதற்குக் கழுத்தில் தொங்கும் கைவிளக்கு. அதில் பன்றி என்று உறுதியாகி, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகுதான் ரைஃபிள் மேலே வரும். பெரியவர் முதல் நாளே, தன் மாடுகளின் எண்ணிக்கை தனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். வேறு விதி எதுவும் போடவில்லை. பட்டனைப் பொறுத்தவரை, அழுத்தியிருக்கும் வரை மட்டும் எரியும் மெல்லழுத்தத்தைத்தான் பழகியிருக்கிறேன். முழுவதும் அழுத்திப் பூட்டுவது, விழுந்த பன்றியிடம் நடந்து போகும்போது மட்டும்.

மீதமிருந்த ஒரே தொல்லை சப்ரஸரின் முதுகு. விளக்கு வெளியே தள்ளிப் போனதால் அதன் பக்கவாட்டு ஒளி சாம்பல் நிறச் சப்ரஸரில் பட்டு, ஸ்கோப்பை ஒரு மடங்கில் வைக்கும்போது கீழ்விளிம்பில் வெண்மூட்டமாகத் தெரிந்தது. அடுப்புக்கு அடிக்கும் பளபளப்பில்லாத கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட்டை மூன்று மெல்லிய பூச்சாக அடித்தேன். முதல் இருபது தோட்டாக்களுக்கு வாடை வந்தது, பிறகு அடங்கிவிட்டது. நுனியோரம் பெயிண்ட் உரியத் தொடங்கியிருக்கிறது, ஆனால் விளக்கின் ஒளி அந்த இடத்தில் படாது. பொருத்தியதிலிருந்து இதுவரை ஏறத்தாழ 400 தோட்டாக்கள் ஆகிவிட்டன. போன வாரம் பார்த்தபோது முன்திருகின் சிவப்புக் கோடு நேராக இருந்தது. பின்திருகில் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அதைக் கழற்றித் துடைத்து, புதிய பசை வைத்து இறுக்கி, பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று இழுத்திருக்கிறேன்.